காது வெட்டாத கறுப்பு ஆடு

கடைசி வீட்டைத் தாண்டும்வரை எல்ஃப்ரீடா ஆட்டைக் கூப்பிட்டுக்கொண்டே போவாள். "பா... பா... பா... ஏ கறுப்பீ!" என்று ஞாயிற்றுக்கிழமை மதியம் அவள் குரல் எங்கள் ஊர் முழுக்கக் கேட்கும். பள்ளி விடுதிச் சமையல்கட்டின் இரைச்சலுக்கு மேலே கத்திப் பழகிய தொண்டை அது. தண்ணீர்த் தொட்டியை ஒட்டி இருக்கும் கடைசித் தகர வீடு முதுகுக்குப் பின்னால் போனதும் கூப்பிடுவதை நிறுத்திவிடுவாள். ஆடு என்று ஒன்று இருந்தால் அது இருக்கக்கூடிய இடமே அதற்கு அப்புறம்தான். அங்கே போய் வாயை மூடிக்கொள்கிறவள் என்ன லட்சணத்தில் ஆடு தேடுகிறாள் என்று என் கடை வாசலில் நின்று பலமுறை யோசித்திருக்கிறேன்.

ஐம்பதைத் தொட்ட வயது. குட்டையான, அகலமான உடம்பு. கோயிலுக்குப் போட்ட பூப்போட்ட கவுனைக் கழற்றி வைத்துவிட்டு, அடிப்பிடித்த பாத்திரத்தின் நிறத்தில் ஒரு பாவாடையைக் கட்டிக்கொண்டு கிளம்புவாள். கையில் பழைய கலர் பாட்டிலில் தண்ணீர். ரொட்டி வந்த காகிதப் பையில் ஆறிப்போன சோளக்களி ஒரு கட்டி, உப்புப் போட்டுக் காயவைத்த இறைச்சி ஒரு துண்டு. நடக்கும்போது இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொள்வாள். பார்க்கிறவர்களுக்குப் பள்ளிக்கூடத்தைச் சோதிக்க வந்த அதிகாரி நினைவுக்கு வருவார். அவசரம் என்பது அவள் நடையில் கிடையாது. அவசரமெல்லாம் வாரத்தில் மற்ற ஆறு நாட்களுக்கு.

அவள் போவது பாறைகளுக்குள். எங்கள் ஊருக்குப் பின்னால் தரிசு மணல் முடிகிற இடத்தில் அவை எழுந்து நிற்கின்றன. சில மொட்டைத் தலைகள். சில ஒன்றின்மேல் ஒன்று அடுக்கிய ரொட்டிகள். காற்று குடைந்து குடைந்து ஆள் படுக்கிற அளவுக்குப் பொந்து விழுந்தவை உண்டு. ஒரு வீடு அளவு உருண்டை, சாப்பாட்டுத் தட்டின் அகலம்கூட இல்லாத முனையில் நிற்கிறது. கடலிலிருந்து பனிமூட்டம் வருகிற காலைகளில் எதுவும் தெரியாது. பத்து மணிக்கு மேல் ஒவ்வொன்றாக வெளியே வரும். பிறந்ததிலிருந்து பார்ப்பதால் நாங்கள் அவற்றைப் பார்ப்பதில்லை. பார்க்கிறவர்கள் வெள்ளைக்காரர்கள். கூடாரமும் ஊன்றுகோலும் கொண்டுவந்து, வாசலில் நுழைவுச் சீட்டு வாங்கிக்கொண்டு, பாறைகளுக்கு நடுவே தனியாக நாள் முழுக்க நடப்பார்கள். அவர்களை யாரும் ஒரு கேள்வி கேட்பதில்லை.

நம்மவர் நடந்தால் கதை வேறு. எங்கள் டமாரா சனங்களின் ஊரில் பாறைப் பக்கம் போகிறவரைப் பார்த்தால் முதலில் வாயில் வருவது, "என்ன தொலைஞ்சுது?" என்பதுதான். சௌக்கியமா என்பதுபோல அது ஒரு மரியாதை. வெள்ளாடு, கழுதை, கழுதையின் கால்கட்டு, ஏதோ ஒன்றைச் சொல்ல வேண்டும். கேட்டவர், "நானும் பாத்தா சொல்றேன்" என்பார். அத்துடன் விஷயம் முடிந்தது. அந்தப் பக்கம் போவதற்கு வேறு காரணம் இருக்கலாம் என்று எங்களில் யாருக்கும் தோன்றியதில்லை, எனக்கும் சேர்த்துத்தான்.

எல்ஃப்ரீடா தொடக்கத்தில் உண்மையைத்தான் சொல்லிப் பார்த்தாள். "ஒண்ணும் தொலையல. சும்மா நடக்கப் போறேன்." அதுதான் வினையாயிற்று. அவள் கணவன் துறைமுகத்து வேலைக்குப் போன இடத்தில் இன்னொரு குடும்பம் வைத்துக்கொண்டு தங்கிவிட்டவன். தனியாக இருக்கிற பெண் சும்மா நடக்கிறாள் என்றால் எந்த ஊர் நம்பும்? கல் தோண்டுகிறவர்களின் முகாமில் அவளுக்கு ஒரு ஆள் இருக்கிறான் என்றார்கள். ஆள் இல்லை, பளிங்குக்கல் ஓடுகிற ஒரு வெடிப்பைக் கண்டுபிடித்துத் தனியாகச் சுரண்டுகிறாள் என்றார்கள். எண்ணெயில் பொரித்த மாவு உருண்டை விற்கிற ஹுல்டா, செத்துப்போனவர்களோடு பேசத்தான் போகிறாள் என்று சூடான உருண்டையோடு செய்தியையும் சேர்த்துக் கொடுத்தாள். எல்ஃப்ரீடாவின் அண்ணன் யோசியா குடும்பத்தோடு அவள் வீட்டில்தான் இருக்கிறார். வீடு அவள் பேரில். அதிகாரம் அவர் கையில். "இனிமே ஞாயித்துக்கிழமை வெளிய கால் வெச்சேன்னா அப்படியே போயிடு" என்று வாசலில் நின்று சொல்லிவிட்டார்.

அடுத்த ஞாயிறு அவள் தோளில் ஒரு கயிறு தொங்கியது. கறுப்பு வெள்ளாடு, வயிறு மட்டும் வெள்ளை என்று சொன்னாள். உசாக்கோஸ் பக்கம் பண்ணையில் வேலை செய்கிற தோழி அன்பளிப்பாகக் கொடுத்த குட்டியாம். லாரியிலிருந்து இறக்கும்போது துள்ளிப் பாறைக்குள் ஓடிவிட்டதாம். காது வெட்டுவதற்கு முன்பே ஓடிவிட்டதாம். அந்தக் கடைசி விவரத்தில் இருக்கிற புத்திசாலித்தனம் எனக்கு வெகு நாள் கழித்துத்தான் உறைத்தது. எங்களில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஆட்டுக் காதில் ஒரு வெட்டு உண்டு. யோசியா வீட்டு வெட்டு இடது காது நுனியில் கவட்டை. வெட்டு இருந்த ஆடு என்று சொல்லியிருந்தால் அவர் தன் மந்தையை எண்ணிப் பார்த்து அன்றைக்கே பொய்யைப் பிடித்திருப்பார்.

ஊருக்கு நிம்மதி. "ஆடா? அத முன்னாடியே சொல்றதுக்கென்ன!" என்று ஹுல்டாவே கோபித்துக்கொண்டாள்.

ஆனால் பொய் ஆட்டை வளர்ப்பது நிஜ ஆட்டை வளர்ப்பதைவிடக் கஷ்டம். அதைச் சாக விடக்கூடாது, கிடைக்கவும் விடக்கூடாது. சிறுத்தை நடமாட்டம் என்று பேச்சு வந்தால் எல்ஃப்ரீடா கலங்கிப்போவாள். அடுத்த வாரமே புதுக் குளம்படி பார்த்ததாகச் செய்தி கொண்டுவருவாள். மழை பொய்த்த ஒரு வருடம் ஊரில் பாதி ஆடுகள் செத்து விழுந்தன. அவள் ஆடு மட்டும் பாறைக்குள் புழுக்கை போட்டுக்கொண்டு திடமாக இருந்தது. "அதுக்குன்னு ஆண்டவர் தனியாப் படியளக்கிறார் போல" என்று ஹுல்டா பெருமூச்சு விட்டாள். போதகர் ஒருமுறை பொது ஜெபத்தில் அந்த ஆட்டையும் சேர்த்துக்கொண்டார். ஆமென் சொல்லும்போது எல்ஃப்ரீடாவுக்கு மட்டும் இருமல் வந்தது.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்றால், நான் ஒருநாள் பின்னாலேயே போனேன். யாரும் சொல்லி அனுப்பவில்லை. எனக்குத் தெரிந்தே ஆகவேண்டும் என்று இருந்தது, அவ்வளவுதான். கடைக்காரிக்கு ஊரில் எல்லோர் வீட்டிலும் என்ன வேகிறது என்று தெரியும். இவள் ஒருத்தி வாரா வாரம் எங்கே போகிறாள் என்று தெரியாதது எனக்கு அவமானமாகவே இருந்தது.

குளிர்காலம். ஷட்டரை இறக்கிவிட்டு, கோயில் செருப்போடு கிளம்பிவிட்டேன். கடைசி வீடு வரை அவள் குரலைப் பிடித்துக்கொண்டு போனேன். பிறகு முதுகைப் பிடித்துக்கொண்டு போனேன். பிறகு முதுகும் இல்லை. இரண்டு பாறைகளுக்கு நடுவே போனவள் மறுபக்கம் வரவேயில்லை. எனக்கு முழங்கால் விண்விண் என்று தெறித்தது. ஒரு கல்லில் உட்கார்ந்து செருப்பிலிருந்து மணலைக் கொட்டிக்கொண்டிருந்தபோது தலைக்கு மேலிருந்து என் பெயரைச் சொல்லிக் குரல் வந்தது.

"என்ன மேட்டா, நீ என்னத்தத் தொலைச்ச?"

பாறை மேலே பொந்தில் மல்லாந்து படுத்திருந்தாள். தலை மட்டும் வெளியே தொங்கியது.

"ஆடு எங்கடி?" என்றேன்.

"எந்த ஆடு?"

"எந்த ஆடா! ஊரே ஜெபம் பண்ணுதே, அந்த ஆடு."

அவள் சிரிக்கத் தொடங்கினாள். அந்தப் பொந்துக்குள் சிரிப்பு உருண்டு உருண்டு பெரிதாகி வந்தது. "ஆடே இல்லடி. இருந்ததே இல்ல" என்றாள்.

எனக்கு வந்தது கோபமா சிரிப்பா என்று இப்போதும் தெரியவில்லை. "அப்ப இங்க என்னதான்டி பண்ற?"

"காட்டுறேன் வா. ஆனா பேசாம வரணும். முடியுமா ஒன்னால?"

முடியவில்லை. ஆனாலும் கூட்டிப்போனாள். வெள்ளைக்காரர்கள் படம் பிடிக்கிற வளைவுப் பாறைப் பக்கம் அவள் போவதேயில்லை. தனக்கு இன்னும் தெரியாத இடுக்காகப் பார்த்துப் போகிறாள். முதலில் பக்கவாட்டில் திரும்பி ஒரு தோளை விடுவாள். பிறகு மூச்சை முழுக்க வெளியே விட்டு வயிற்றை ஒடுக்கி, அவ்வளவு அகல உடம்பையும் கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே செலுத்திவிடுவாள். ஒருமுறை நடுவில் சிக்கிக்கொண்டு வெகு நேரம் நின்றாளாம். வெயிலில் சூடான கல் மார்பிலும் முதுகிலும் ஒத்தடம் கொடுப்பதுபோல சுகமாக இருந்தது என்று அதையும் சந்தோஷமாகத்தான் சொன்னாள்.

"அப்படி எதுக்குடி போகணும்?"

"அந்தப் பக்கம் என்ன இருக்குன்னு பாக்க வேணாமா?"

"என்ன இருந்துச்சு?"

"இன்னொரு இடுக்கு."

முனையில் நிற்கிற அந்த உருண்டைக்கு அடியில்தான் அவள் சாப்பிடுவது. நான் நிழலுக்கு வெளியேவே நின்றுகொண்டேன். "விழுந்துச்சுன்னா?" என்று கேட்டேன். "இத்தன காலம் விழல. நான் ஒருத்தி களி திங்கறதுக்காகவா விழப்போகுது?" என்று சொல்லிக் களியில் பாதியைப் பிட்டு நீட்டினாள். வாங்குவதற்கு நான் உள்ளே போகவேண்டியிருந்தது. போனேன். தலைக்கு மேலே அத்தனை கனம் சும்மா நிற்கிறது. கொஞ்ச நேரத்தில் பயம் போய்விட்டது. பிறகு நான் பேசவில்லை என்பதை நானே கவனித்தேன். வெயில் இறங்கி, கல் ஆறத் தொடங்கியதும் எங்கோ உள்ளே 'டக்' என்றது. அவள் சட்டென்று காதைப் பாறையில் வைத்து, என் தலையையும் பிடித்து இழுத்து வைத்தாள். இன்னொரு 'டக்'. "தூரத்துல இருந்து வருது பாத்தியா? எங்கேருந்துன்னு எனக்கு இன்னும் பிடிபடல" என்றாள். அதைக் கண்டுபிடிக்காமல் விடமாட்டாள் என்று முகம் சொன்னது.

திரும்பும் வழியில்தான் அதைச் சொன்னாள். நான் கேட்கக்கூட இல்லை. "விடுதியில காலைலேருந்து என் பேரத்தான் கூப்பிடுறாங்க. எல்ஃப்ரீடாம்மா உப்பு எங்க, எல்ஃப்ரீடாம்மா கரண்டி எங்க, எல்ஃப்ரீடாம்மா அவன் என்னக் கிள்ளிட்டான். வீட்டுக்குப் போனா அண்ணன், அண்ணி, அதுங்க பிள்ளைங்க. எல்லாரும் நல்லவங்கதான். ஆனா தூங்குறப்பகூட யாரோ கூப்பிடுற மாதிரியே இருக்கு. இங்க ஒரு கல்லுக்கும் என் பேரு தெரியாது மேட்டா. இந்த ஒரு நாளும் இல்லேன்னா நான் கரண்டியத் தூக்கி யாரையாவது அடிச்சுருவேன்."

யாரிடமும் சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். கடைக்காரியின் வாயில் ஒரு ரகசியம் தங்குவது எவ்வளவு சிரமம் என்று தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும். தங்கியது. அவளுக்காக மட்டுமில்லை, அந்தப் பொய் ஆட்டின் மேல் எனக்கும் ஒரு பாசம் வந்துவிட்டது.

சென்ற மாதம் ஒரு ஞாயிறு, கோயில் விட்டு வந்து நான் அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தேன். தெருவில் கழுதை வண்டிச் சத்தம். கோத்தார்ட் அண்ணன் வண்டியின்மேல் உட்கார்ந்தபடி கத்திக்கொண்டு வந்தார். "கிடைச்சுட்டா! கறுப்பி கிடைச்சுட்டா!"

கோத்தார்ட் பளிங்குக்கல் தோண்டிச் சாலையோரம் விற்கிறவர். அறுபது வயது, பெண்டாட்டி போய்ச் சேர்ந்து நாளாகிறது, யாருக்காவது ஒரு நல்லது செய்யாவிட்டால் அவருக்குச் சாப்பாடு இறங்காது. எல்ஃப்ரீடாவின் ஆட்டை அவர் மனத்தில் வைத்துக்கொண்டே இருந்திருக்கிறார். தோண்டப் போகிற இடத்திலெல்லாம் குளம்படி பார்த்திருக்கிறார். மேற்குப் பள்ளத்தில் அதைக் கண்டு, துரத்தி, வழுக்கி விழுந்து, கணுக்கால் பூசணியாய் வீங்கி, அப்படியும் விடாமல் பிடித்துக் கட்டிக் கொண்டுவந்துவிட்டார். வண்டியில் நின்றது கறுப்பு வெள்ளாடு. வயிறு வெள்ளை. இரண்டு காதுகளும் முழுசு. எந்தக் காலத்திலோ எந்த மந்தையிலிருந்தோ பிரிந்த தாய்க்குப் பாறைக்குள்ளேயே பிறந்து வளர்ந்தது போலிருக்கிறது. அடுப்பை அப்படியே விட்டுவிட்டு ஓடினேன்.

எல்ஃப்ரீடா பழைய பாவாடைக்கு மாறி வாசலுக்கு வந்திருந்தாள். அதற்குள் ஊரே அவள் முற்றத்தில் கூடிவிட்டது. ஹுல்டா இரண்டு கைகளையும் தூக்கி ஆண்டவருக்கு நன்றி சொன்னாள். யோசியாவின் முகத்தில் அப்படி ஒரு மகிழ்ச்சி. "அப்பாடா. இனிமே ஞாயித்துக்கிழமை வீட்டோட கெடக்கலாம். பிள்ளைங்களுக்கும் மதியம் சூடா ஏதாவது கெடைக்கும்" என்றார். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

காது வெட்டும்போது எங்கள் ஊரில் இரண்டு பேர் வேண்டும். உடைமைக்காரர் வெட்டுவார். இன்னொருவர் காதைப் பிடித்துக்கொள்வார். பிடிக்கிறவர் சாட்சி: இந்த ஆட்டில் எனக்குப் பங்கில்லை என்று ஊர் பார்க்கச் சொல்கிறார் என்று அர்த்தம். ஒருமுறை பிடித்துவிட்டால் பிறகு அந்த ஆட்டைப் பற்றி அவர் வாயே திறக்க முடியாது. கோத்தார்ட் தன் மடக்குக் கத்தியை விரித்து எல்ஃப்ரீடாவிடம் கொடுத்துவிட்டு, வீங்கிய காலை நீட்டி, பல்லைக் கடித்துக்கொண்டு மண்ணில் உட்கார்ந்தார். காதைப் பிடிக்கத் தயார்.

கத்தி அவள் கையில் இருந்தது. ஒரு வெட்டுத்தான். ஆடு அவளுடையதாகிவிடும், பொய் மெய்யாகிவிடும், ஒரு மனுஷர் கால் வீணாய்ப் போகவில்லை என்று ஆகும். யாருக்கும் ஒரு வருத்தமும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் போய்விடும். அவள் ஆட்டைப் பார்த்துக்கொண்டே நின்றாள். ஆடு அவள் பாவாடை ஓரத்தைத் தின்னத் தொடங்கியிருந்தது.

"ரொம்ப வலிக்குதாண்ணே?" என்று கோத்தார்டைக் கேட்டாள்.

"ஆடு கெடைச்சிருச்சுல்ல. வலியாவது கிலியாவது. வெட்டும்மா."

அவள் கத்தியைத் திருப்பி, பிடியை அவர் பக்கம் நீட்டினாள். அவருக்குப் புரியவில்லை, பழக்கத்தில் வாங்கிக்கொண்டார். அவள் மண்டியிட்டு, ஆட்டைத் தன் இரண்டு முழங்கால்களுக்கு நடுவே இறுக்கி, அதன் வலது காதைப் பிடித்தாள். கோத்தார்ட் வீட்டு வெட்டு வலது காதில்தான்.

"எல்ஃப்ரீடா, இது ஒன் ஆடும்மா" என்றார் கோத்தார்ட்.

"எனக்கு ஆடு கிடையாதுண்ணே. எப்பவும் இருந்ததில்ல."

"அப்ப இத்தன வருஷமா எங்க போன?" யோசியாவின் குரல் உயர்ந்தது.

"நடக்கப் போனேன்."

"எதுக்கு?"

"நடக்கத்தான்."

"அடிப்பாவி! அந்த ஆட்டுக்காக நான் அழுது ஜெபம் பண்ணேனேடி!" என்றாள் ஹுல்டா.

"அதான் வந்திருக்குக்கா" என்றாள் எல்ஃப்ரீடா. யாரோ பின்னால் சிரித்துவிட்டு அடக்கிக்கொண்டார்கள். நானாகவும் இருக்கலாம்.

கோத்தார்ட் சிரிக்கவில்லை. கத்தியைக் கையில் வைத்துக்கொண்டு தன் காலையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். "நான் ஒனக்காகத்தானம்மா..." என்று தொடங்கி நிறுத்திக்கொண்டார். அவள் பார்வை அவர் கணுக்காலுக்குப் போயிற்று.

"தெரியும்ணே. ஒங்க கால நெனச்சா எனக்கு அழுகையா வருது. பொய் சொன்னது தப்புதான். ஆனா மொதல்ல நெசத்ததான் சொன்னேன். ஒருத்தரும் நம்பல."

யோசியா வாயைத் திறந்தார். பிறகு தரையைப் பார்த்தார். ஆடு ஒருமுறை திமிறியது. அவள் முழங்காலை இன்னும் இறுக்கிக்கொண்டாள்.

"வெட்டுங்கண்ணே" என்றாள். "பொழுது சாயறதுக்குள்ள நான் போயிட்டு வரணும்." சொல்லிவிட்டு, ஆட்டின் காதைத் தன் உள்ளங்கையில் மடிப்பில்லாமல் விரித்து, அவர் கத்திக்கு வாகாக நீட்டினாள்.